ஆரத்தித் தட்டில் குழாய்த் தண்ணீர்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். திட்டுகிற இடம் வந்தால் பேனாவை நிறுத்திவிடுகிறாள். அதனால் உங்களுக்குப் பாதிக் கதைதான்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருக் குழாயில், எம்.பி. தேர்தலுக்கு முன்பிருந்தே சாக்கடை கலந்து வந்தது. காய்ச்சிக் கொடுத்தும் பேத்திக்கு இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் சொன்னேன். ஜீப்பை விட்டு இறங்காமலே, "ஜெயிச்சதும் மொத வேலை இதாம்மா" என்றார். நானும் நம்பிச் சின்னத்தைப் பார்த்து அமுக்கினேன். அந்த மிஷின் கீச்சென்று கத்தினால் எனக்கு ஒரே குஷி, அது வேறு விஷயம்.

மனுஷன் ஜெயித்தார். டெல்லியில் புது ஆட்சி உட்கார்ந்தது. குழாய் மட்டும் அப்படியே நாறியது.

நன்றி சொல்ல வருகிறார் என்று அவர் கட்சியின் வட்டச் செயலாளர் ஓடி வந்தான்.

"ஆயா, நீதான் ஆரத்தி எடுக்கணும்."

"எடுக்கறேன் நைனா. தண்ணிக்கு இன்னா பண்றது?"

"குழாயிலயே புடிச்சிக்க. அவரு இன்னா குடிக்கவா போறாரு?"

அவன் வாயாலேயே சொல்லிவிட்டான்! மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் எந்தச் சாக்கடையும் சிவந்துவிடும். மகள் வாங்கித் தந்த கிளிப்பச்சைப் புடவையை அன்றுதான் முதலில் கட்டினேன். எல்லோரும் கண் வைத்தார்கள். தட்டை மூன்று சுற்று சுற்றி, மூன்று விரலைத் தோய்த்து அவர் நெற்றியில் இழுத்தேன். மூக்கு வரை வழிந்தது.

"இன்னா தண்ணிம்மா இது?"

"எங்க குழாத்தண்ணிதாங்க. ஒரு சொட்டுக்கே மூஞ்சி கோணிக்கிச்சே! எங்க ஊட்ல கொழந்த குடிக்குது."

"இப்பதாம்மா ஆட்சி வந்திருக்கு. விலைவாசி, வேலையில்லாத பசங்க... எவ்ளோ சவால் இருக்கு தெரியுமா?"

"தெரியுமே, ஒண்ணு உங்க நெத்தியில கீது. தொடைக்காதீங்க, ஆரத்திப் பொட்டைத் தொடச்சா ஆவாது!"

தெருவே சிரித்தது. தெரு முனை தாண்டும்வரை அவர் துடைக்கவில்லை. வட்டச் செயலாளர் என்னைப் பார்த்து, "கெழவி, உனக்குக் கீது" என்று பல்லைக் கடித்தான். கடிக்கட்டும்.

மறுநாளே ஆட்கள் வந்து தோண்டினார்கள். பாதித் தெருவுக்குப் புதுக் குழாய் போட்டதும் காணாமல் போனார்கள். நாங்கள் மீதிப் பாதியில் இருக்கிறோம். பேத்திக்கு இன்னும் காய்ச்சித்தான் கொடுக்கிறோம். அந்தத் தட்டைப் பரணில் போடவில்லை, கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். பாதிக் குழாய்க்குத் திறப்பு விழா என்று வராமலா போவார்?