தலைவிக்கு விரதம்

தயாளினிக்குக் கிழமை நாட்களில் லூயிஷாமில் மருந்துக் கடை வேலை. கோடைகால ஞாயிறுகளில் அவள் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஆங்கிலோ-சாக்சன் பெண். லண்டன் எல்லைப் புல்வெளியொன்றில் அந்தக் கால வாழ்க்கையை நடித்துக் காட்டும் குழுவில் கம்பளி நூற்பாள், பார்லிக் கஞ்சி காய்ச்சுவாள்.

"வீட்டிலை சமைக்கப் பஞ்சி எண்டுபோட்டு அங்கை போய்ச் சமைக்கிறீர்" என்பார் கணவர் சுஜீத்.

"அங்கத்தையாக்கள் உப்புக் குறைவெண்டு சொல்லமாட்டினம்."

அவள் ஏங்கியது விருந்து மண்டபத்தில் கிண்ணம் ஏந்தி வரும் தலைவி வேஷத்துக்கு. நாலு வருஷம் காத்திருந்தபின், ஒரு ஞாயிறு செய்து பார்க்கச் சொன்னார்கள். சரிவந்தால் கோடை முழுதும் அவளுக்கே.

தலைவி முதல் மிடறு குடித்து, "சுகமாய் இரு" என்று பழைய ஆங்கிலத்தில் வாழ்த்தி, அதே கிண்ணத்தைத் தலைவனிடம் கொடுக்க வேண்டும். பிறகு அது எல்லார் வாய்க்கும் போகும். ஒத்திகையில் கிண்ணம் வெறுமையாக இருந்ததால் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. அன்றோ ஆப்பிள் சாறு தளும்பியது. எதிரே தலைவனாகப் பெரிய தாடியுடன், குழுவை நடத்தும் கஸ்பர். எச்சில் பண்ணியதை ஒரு மனிதரிடம் எப்படி நீட்டுவது?

கை தானாக உயர்ந்தது. அண்ணாந்து, உதடு படாமல் ஒரு மிடறு ஊற்றிக்கொண்டாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. மண்டபம் அமைதியானதும்தான் செய்தது விளங்கியது. வேஷம் போச்சு என்று நினைத்தபடியே வாழ்த்தைச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டினாள்.

அதுதான் முறையாக்கும் என்று எண்ணிய கஸ்பரும் அண்ணாந்தார். சாறு மூக்கில் ஏறி, தாடியில் இறங்கி, அங்கியை நனைத்தது. அடுத்தவரும் விடவில்லை. அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த நீள வாங்கு முழுக்க இருமல். பார்க்க வந்த சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

பிறகு கஸ்பர் தாடியைப் பிழிந்தபடி கேட்டார்: "இது எந்த வரலாற்று ஆதாரத்தில் இருக்கிறது?"

"எங்கள் வீட்டில்" என்று எச்சில் விஷயத்தைச் சொன்னாள்.

அவர் யோசித்தார். "சனத்துக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து முறை இல்லையே. வேண்டுமானால் நீங்கள் கடைசியாகக் குடியுங்கள்."

தயாளினி வாங்கிலிருந்த ஈரத் தாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அந்தக் காலத்தில் விரதம் இருந்தார்களா?"

"நிறைய."

"அப்படியென்றால் தலைவிக்கு விரதம்."

கஸ்பர் ஈரத் தாடியைத் தடவிச் சிரித்தபடி தலையாட்டினார். அந்தக் கோடை முழுதும் தலைவி ஒரு மிடறும் குடிக்காமல், எல்லாரையும் சுகமாய் இருக்கச் சொல்லிக் கிண்ணம் ஏந்தினாள்.