கர்த்தருக்குப் பயந்த சீதேவிப்பிள்ளை

சீதேவிப்பிள்ளை ஜெபக்கூட்டத்துக்கு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. மழையென்றாலும் போவாள், காய்ச்சலென்றாலும் போவாள். "சித்தாண்டி முருகனுக்குக் காவடி எடுத்த குடும்பம், இப்ப வேதப்புத்தகமும் கையுமாத் திரியிறா" என்று பெண்கள் வாயைக் கோணினார்கள். ஊர் அதைப் பக்தி என்று நினைத்தது. ஊருக்கு என்ன தெரியும்? அது பயம், வெறும் பயம்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்ட கையோடு அவளுடைய புருஷன் கோணாமலை, வாவியில் போட்ட வலையை எடுக்கப் போய்த் துப்பாக்கிச் சூடுபட்டுச் செத்தான். மிஞ்சியது பதினெட்டு வயது மகன் குலேந்திரன் மட்டும்தான். செத்தவீட்டுக்குச் சொந்தக்காரர்களே வரப் பயந்த நேரத்தில், பழுகாமத்திலிருந்து பாஸ்டர் யோகராசா சைக்கிள் மிதித்து வந்தார். குழி வெட்டினார், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். நல்ல மனிதர், அதை மறுக்க முடியாது. அவளைத் தேற்றுவதற்காக ஒரு சொல்லும் சொன்னார்.

"பட்டிய விட்டு விலகிப் போற மாட்டத்தான் அக்கா பட்டிக்காரன் அடிப்பான். கோபத்தில இல்ல, அது தன்ட மாடு எண்டதாலதான். கர்த்தர் உங்களக் கிட்டக் கூப்பிடுறார்."

ஆறுதலுக்குச் சொன்னதை அவள் சட்டமாகப் பிடித்துக்கொண்டாள். விலகினால் அடி. அப்படியானால் விலகாதவளுக்கு அடியில்லை. இன்னொரு அடி விழுந்தால் எங்கே விழும் என்பதும் அவளுக்குத் தெரியும், மகன் மேல்தான். ஞானஸ்நானம் எடுத்தாள். ஓர் ஆராதனையையும் விடவில்லை. கடவுளைக் கும்பிட்டாள் என்பதைவிட, கண்காணித்தாள் என்பதே சரி.

அடுத்த வருஷம், ஆமி ஊரை வளைத்து ஆட்களைப் பிடிக்கிற ரவுண்டப் கூடியது. அக்கம்பக்கத்து ஊர்களில் இளந்தாரிகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு. ஒரு வெள்ளிக்கிழமை காலை பக்கத்து வீட்டுக் கண்ணகை மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அண்ணன் தோணி எடுக்கான் கா, டவுனுக்கு. ரெண்டு பேரும் வாங்க, எங்கட மாமி வீட்ட நிக்கலாம். இஞ்ச இனிப் பொடியன வெச்சிருக்க ஏலாது."

குலேந்திரன் உடுப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தயாராக நின்றான். "வா அம்மா. நீ வராட்டி நான் போகல்ல."

அன்றைக்கு உபவாச ஜெபம். அதை விட்டுவிட்டுப் போவது விலகல் இல்லாமல் வேறென்ன?

"நாளைக்குப் போவம் மனே. இண்டைக்கு விட்டிட்டுப் போனா அவர் என்ன நினைப்பார்?"

"ஆர் கா நினைப்பார்?" என்று கண்ணகை கத்தினாள். சீதேவிப்பிள்ளை வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜெபக்கூடத்துக்கு நடந்தாள். தோணி போய்விட்டது.

ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே ஊரை வளைத்துவிட்டார்கள். கூடத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் தனியே இருந்த குலேந்திரனைக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு அவள் போய் நிற்காத முகாம் வாசல் இல்லை. அப்படி ஒருவன் இங்கே இல்லை என்பதுதான் எல்லா இடத்திலும் பதில்.

பாஸ்டர் யோகராசா முற்றத்தில் வந்து நின்று வாயைத் திறந்தார். பாவம், பிள்ளையைப்போல விம்மி அழுதுவிட்டுப் போனார்.

இனி இவள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. ஆனால் அடுத்த ஞாயிறே போனாள். ஆட்கள் வருமுன்பே போய், எல்லாருக்கும் முன்னால் பாயில் உட்கார்ந்தாள். பாட்டும் இல்லை, ஜெபமும் இல்லை. சில மாதங்கள் பொறுத்துப் பார்த்த பாஸ்டர் ஒருநாள் அவளருகே குந்தினார்.

"அக்கா, உங்களுக்குக் கர்த்தரில கோபமில்லையா?"

"கோபமும் இல்ல, பயமும் இல்ல பாஸ்டர்" என்றாள். "முந்தி அவருக்குக் கிட்ட இருக்கக்குள்ளயும் என்ட புள்ளயப் பொத்திப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்த நான். இப்ப பொத்திப் பிடிக்க ஒண்டுமில்ல. இனி அவர் எவ்வளவு கிட்டயும் வரட்டும்."