பஞ்சு கட்டிய பீப்பாய்

பீப்பாய்க்குள் ஊறும் பார்லிக்கு, தன்னைக் கிளறுகிறவரின் சாதி எப்படித் தெரியும்? உங்களைத்தான் கேட்கிறேன். தெரியும் என்று 1934-ஆம் ஆண்டு பீளமேட்டில் ஒருவர் அடித்துச் சொன்னார். அதனால் இன்னொருவருடைய வேலை போக இருந்தது.

வேலை போக இருந்தவர் சின்னான். சேரியில் பிறந்தவர், பஞ்சாலையில் கழிவுப் பஞ்சு மூட்டை தூக்குகிறவர். ஊருக்குள் அவரை "டேய்" என்று கூப்பிடாதவர் இல்லை. ஆலையில் மட்டும் காலையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "இருக்கறேனுங்க!" என்று பதில் சொல்வதில் அவருக்கு ஒரு தனி ருசி. அந்த ஒரு சொல்லுக்காகவே இரண்டு மைல் நடந்து வருவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலையின் வெள்ளைக்கார இஞ்சினீயர் துரையின் பங்களாவில் வேலை. துரைக்குத் தன் கையால் பீர் காய்ச்சும் பித்து. பீர் நல்லதா கெட்டதா என்பது இங்கே வழக்கல்ல. பழைய இரும்புப் பீப்பாய் ஒன்றின் தலையை வெட்டி, உள்ளே ஈயம் பூசி, மரமூடி போட்டு வைத்திருந்தார். முளைகட்டி உலர்த்தி உடைத்த நீலகிரிப் பார்லியை அதில் வெந்நீரோடு கொட்டி, ஒரு மணி நேரம் ஒரே சூட்டில் ஊறவைக்க வேண்டும். மூடியில் செருகிய வெப்பமானியில் நூற்றைம்பது டிகிரி பாரன்ஹீட்டுக்கு நேரே ஒரு சிவப்பு நூல். பாதரசம் அங்கேயே நின்றால் பார்லி மாவு சர்க்கரையாகும். இறங்கினால் கஞ்சியாகவே கிடக்கும்.

சின்னான் கிளறிய முதல் இரண்டு ஞாயிறும் கஞ்சிதான். ஒரு சொட்டு அயோடின் விட்டதும் நீலமாய்க் கறுத்து, மாவு மாவாகவே இருப்பதைக் காட்டிக்கொடுத்தது.

"அவன் கை ஆகாதுங்க தொரை. தீட்டுக் கை" என்றார் பட்லர் வரதராஜுலு.

துரைக்குத் தீட்டில் நம்பிக்கையில்லை. ஆனால் ஆள் கவனமில்லாதவன் என்று நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. "அடுத்த வாரமும் கெட்டால் ஆலைக்கும் வர வேண்டாம்" என்றுவிட்டார்.

சின்னானுக்கோ காரணம் கண்ணெதிரே தெரிந்தது. மூடியின் ஓட்டை வழியே துடுப்பை விட்டுக் கிளறும்போது, பீப்பாய் ஆடாமலிருக்க இடக்கையால் அணைத்துப் பிடிப்பார். அவர் கையை எடுத்ததுதான் தாமதம், வரதராஜுலு ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரைப் பீப்பாயின்மேல் ஊற்றித் தீட்டுக் கழிப்பார். பத்து நிமிஷத்துக்கு ஒரு கிளறல், கிளறலுக்கு ஒரு குடம். குடத்துக்குக் குடம் பாதரசம் சரிந்தது.

"ஏனுங்க சாமி, தண்ணி ஊத்துனா சூடு எறங்குதுங்க."

"எனக்கே புத்தி சொல்றயாடா? சூடு எறங்கறது உன்ற கையாலடா!"

அந்த வாரம் ஆலையில் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தார் சின்னான். காலையில் பஞ்சுக்குள் புதைத்து வைத்த களிச்சட்டியைத் திறந்தார். ஆவி பறந்தது. தினமும் பறக்கிற ஆவிதான். அன்றைக்கு அதைக் கண்கொட்டாமல் பார்த்தார். களி ஆறியே போனது.

மூன்றாம் ஞாயிறு, ஆலையில் கேட்டு வாங்கிய கழிவுப் பஞ்சு மூட்டையோடு வந்தார். பீப்பாயைச் சுற்றி ஒரு முழக் கனத்துக்குப் பஞ்சை வைத்துச் சாக்குப்போட்டுக் கட்டினார். தோட்ட வேலைக்கு வந்த பழனாத்தாள் வாயில் கைவைத்தாள்.

"ஏஞ் சின்னா, புள்ளை பெத்தவளாட்டப் போத்தி வுட்டிருக்கறே! பீப்பாய்க்குக் குளுரா?"

"உள்ளுக்குச் சக்கரை பொறக்கோணுமுங்க அம்மணி."

முதல் கிளறல் முடிந்தது. வரதராஜுலு குடத்தோடு வந்தார். பஞ்சு நனைந்தால் எல்லாம் போச்சு, வேலையும் போச்சு. சின்னான் குறுக்கே நின்றார்.

"சாமி, நான் பீப்பாயத் தொடலீங்க. பஞ்சைத்தானுங்க தொட்டேன்."

"பஞ்சுக்குத் தீட்டில்லையாடா?"

"இருந்தா, மொதக் கொடம் உங்க வேட்டி மேலதானுங்க ஊத்தோணும். அதுவும் எங்காளுக சொமந்த பஞ்சுதானுங்களே!"

வரதராஜுலு குனிந்து தம் வேட்டியைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். பழனாத்தாள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குடம் மெல்லத் தரைக்கு இறங்கியது.

ஒரு மணி நேரம் பாதரசம் நூலை விட்டு அசையவில்லை. துரை வந்து அயோடின் சொட்டினார். நீலம் இல்லை! மறுபடி சொட்டினார். இல்லவே இல்லை.

"இன்றைக்கு என்ன செய்தாய்?"

"பஞ்சு கட்டுனனுங்க தொரை. தண்ணி ஊத்தாம உட்டோமுங்க."

"எந்தத் தண்ணீர்?"

வரதராஜுலு மாமரத்தைப் பார்த்தார். பழனாத்தாள் குடத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னதும் துரை சிவந்து போனார். இந்த ஒரு கேள்வியை இரண்டு வாரம் முன்னால் கேட்டிருக்கலாம். வேலையை விட்டு விரட்ட மட்டும் அவருக்கு விசாரணை தேவைப்படவில்லை!

வடித்த சாறு தேனாக இனித்தது. சின்னான் ஒரு தம்ளர் குடித்தார், பழனாத்தாள் ஒரு தம்ளர். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து வரதராஜுலுவும் ஒரு தம்ளர்.

"ஏனுங்க பட்லரே," என்றாள் பழனாத்தாள், "சின்னான் கிளறுனது இப்ப உங்க வயித்துக்குள்ளீங்க. அங்க எப்படிங்க கொடம் ஊத்துவீங்க?"

வரதராஜுலுவுக்குப் புரையேறியது. சின்னான் சிரித்த சிரிப்பு கிணற்றடிவரை கேட்டது. திங்கட்கிழமை அவர் சொன்ன "இருக்கறேனுங்க!" ஆலை வாசல்வரை கேட்டதாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு குடம் இருக்கும். இன்னொருவர் தொட்ட இடத்தில் ஊற்ற அதைத் தூக்குகிறீர்களா? கீழே வையுங்கள். அதில் ஒரு செம்பு மொண்டு, தொட்டவருக்குக் குடிக்கக் கொடுங்கள். இன்றைக்கே கொடுங்கள்.