நாணலுக்குத் தீ வைத்த நாள்

பிள்ளைகளா, ஆற்றங்கரை நாணலுக்குள் இறங்கினால் உங்களை ஏன் அப்படி விரட்டுகிறேன் என்று கேட்டீர்கள். பாம்பு கிடக்கும் என்று சொல்லி வைத்தேன். பாம்பும் உண்டுதான், ஆனால் காரணம் அது இல்லை. வாயால் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன்.

நம் வாழைத் தோட்டம் முடிந்து ஆறு தொடங்கும் இடம், பாதி மணலும் பாதி சேறுமாக, நாணலுக்கென்றே அமைந்தது. இரண்டு ஆள் உயரம் நிற்கும். வெட்டினாலும் எரித்தாலும் சாகாது. வேர் மண்ணுக்குள் இருந்துகொண்டு மழை விழுந்ததும் முளைக்கும். வெள்ளத்தில் கரை அரிக்காமல் பிடித்து நிற்பதும் அதுதான். ஆனால் விட்டால் வாழைக்குள் ஊர்ந்து வந்துவிடும். அதனால் தை முடிவில், பூ காய்ந்தபின் தீ வைப்போம். வைக்கும் முன் எண்ணெய்த் தகரத்தைக் கம்பால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வர வேண்டும். உள்ளே புல் அறுப்பவர்கள், ஒதுங்கப் போனவர்கள், ஆடு, முயல் எல்லாம் வெளியே வந்துவிடும். நம் பக்கம் யாரும் இதைத் தவற விடுவதில்லை.

பெரியவளே, அப்போது நீ வயிற்றில் ஐந்து மாதம். உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கௌதாரிக் கறி என்றால் ரெண்டு வாய் சாப்பிடுவாள் என்று எனக்கு நினைப்பு. நாணலுக்குள் கௌதாரி கிடந்தது. தகரம் தட்டினால் பறந்துவிடும். மேல்முனையிலும் தோட்டத்துப் பக்கமும் சத்தமில்லாமல் தீ வைத்தால் கீழ்முனைக்கு ஓடிவரும். அங்கே வலை கட்டினேன். தகரத்தைத் தொடவே இல்லை.

தீ பிடித்ததும் நாணல் படபடவென்று வெடித்தது. அடுத்த தோட்டத்து பாய் வரப்பில் ஓடிவந்தார். எதற்கும் பதறாத மனிதர்.

"ஏப்பா, தகரச் சத்தமே கேக்கலையே. ஒன் வீட்ல கொஞ்சம் முன்னாடிதான மேல்முனையில உள்ள போனாக. கையில அருவா இருந்துச்சு."

கஞ்சித் தூக்கை வாழையடியில் வைத்துவிட்டு நாணல் பூ அறுக்கப் போயிருக்கிறாள். டிவி பெட்டி மேல் பவுடர் டப்பாவில் சொருகி வைக்க அவளுக்கு ஆசை. பஞ்சு வீடெல்லாம் பறக்கிறது என்று முந்தின வாரம் நான் சத்தம் போட்டிருந்தேன். அதனால்தான் சொல்லாமல் போயிருக்கிறாள்.

தோட்டத்துப் பக்கம் நெருப்புச் சுவராக நின்றது. ஆற்றில் குதித்து, கரையோரமாக மேலே நடந்தேன். இடுப்பளவு தண்ணீர் பின்னுக்குத் தள்ளியது. அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன். வெடிக்கிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கரையில் கருகிக் கிடந்த ஒவ்வொரு குவியலையும் அவள் என்று நினைத்து நினைத்து நின்றேன். அப்போது நாணல் பூக்கட்டு ஒன்று மிதந்து வந்தது. காம்பு ஒரே அளவாக அறுத்து வாழை நாரால் கட்டியது. அவள் கைக்கட்டுதான். அதை எடுக்கவும் பயம், விடவும் பயம்.

வளைவு தாண்டியதும் பார்த்தேன். கழுத்தளவு தண்ணீரில், சேலையை நனைத்துத் தலையில் போட்டு, நாணல் வேரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்முடி பொசுங்கியிருந்தது. தண்ணீரிலிருந்து தூக்கியபோது மறு கை வயிற்றில் இருந்தது.

கரையேற்றியதும் அவள் கேட்டது இதுதான்: "தகரம் தட்டுனீகளா? எனக்குக் கேக்கவே இல்லையே."

"தட்டுனேன்," என்றேன்.

"வாந்தி எடுத்து எடுத்துக் காதடைச்சுப் போச்சு போல."

பாய் அதற்குள் சுற்றி வந்து பக்கத்தில்தான் நின்றார். என் முகத்தை ஒருதரம் பார்த்தார். தன் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.

அன்றிலிருந்து தனக்குக் காது மந்தம் என்று உன் அம்மா நம்புகிறாள். யாராவது கூப்பிட்டால் இரண்டாம் தரம் கேட்கிறாள். நீங்களும் கேலி செய்கிறீர்கள். செய்யாதீர்கள். அவள் காதில் ஒரு குறையும் இல்லை. இதை அவளிடம் நானே சொல்ல வேண்டும். இன்னும் தைரியம் வரவில்லை.

நாள் போகப் போகப் பயம் குறையும் என்று பார்த்தேன், கூடியது. அவள் கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு, தண்ணீர் பாய்ச்சும்போதும் வரும், பஸ்ஸில் போகும்போதும் வரும். கோடை மழைக்கு நாணல் ஒன்றுமே நடக்காததுபோலப் பச்சையாக முளைத்தது. ஒரு மத்தியானம் தோட்டத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கினேன். வாழை வரப்பிலிருந்து ஆறு வரைக்கும், ஓர் ஆள் ஓடுகிற அகலத்துக்கு, வேரோடு தோண்டி எடுத்தேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பிறகு வரப்பில் போய் நின்று, அந்த வழியே தண்ணீர் வரைக்கும் ஒருதரம் ஓடிப் பார்த்தேன்.