மூன்று முறையும் ஒரே எண்

உருகிய மெழுகு எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்று அளப்பதுதான் என் உத்தியோகம். இதைவிடச் சொல்லிப் புரியவைக்க முடியாத வேலையில் யாராவது மாட்டியிருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

வெயிலில் உருகிச் சூட்டை வாங்கிவைத்து, உறையும்போது திருப்பிக் கொடுக்கும் மெழுகு அது. திருப்பதியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நான் தற்காலிக ஊழியன். வெள்ளிக்கிழமைக்குள் மூன்று முறை அளந்து மூன்று முறையும் ஒரே எண் வந்தால் வேலை ஒரு வருஷம் நீளும். வராவிட்டால் சொந்த ஊரான நகரிக்குப் போய்ப் பவர்லூம் ஓட்ட வேண்டியதுதான்.

நைனா வந்தார்

நகரியில் தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறவர் என் நைனா. கஞ்சியின் பதத்தை இரண்டு விரலால் தொட்டே சொல்லிவிடுவார். கூடத்தைப் பார்க்க வந்தவர், நான் தடுப்பதற்குள் அறுபது டிகிரி மெழுகில் விரலை விட்டார். கையை உதறிக்கொண்டே சொன்னார்: "பதமெல்லாம் சரியாத்தான் கீதுடா. சூடுதான் ஜாஸ்தி."

குளிர்ந்த வரவேற்பு

இந்த மெழுகை வாங்கப்போகிற கம்பெனி ஸ்ரீ சிட்டியில் இருக்கிறது. அங்கிருந்து மேனேஜர் வந்தார். பெரிய மனுஷர் வேர்க்கக் கூடாதென்று எங்கள் அட்டெண்டர் முனிரத்தினம் ஏசியைப் பதினாறில் வைத்துவிட்டார். மெழுகுக்குள் சுழல வேண்டிய ஸ்பிண்டிலைச் சுற்றி மெழுகு இறுகி, மெஷின் நின்றே போனது.

மேனேஜர் கோபிக்கவில்லை. "உறையறது நல்லா உறையுது சார். உருகறத எப்போ காட்டுவீங்க?" என்றார்.

வெள்ளிக்கிழமை

முதல் இரண்டு முறையும் ஒரே எண். மூன்றாவதற்கு ஸ்பிண்டிலை மாட்டும்போதுதான் பார்த்தேன், அதன் கழுத்தில், மெழுகுக்குள் முங்கும் இடத்தில், காய்ந்த சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. முனிரத்தினத்தின் பக்தி. அந்தப் பருமனோடு அளந்ததால் இரண்டு எண்ணும் தப்பு. துடைத்துவிட்டு அளந்தேன், எண் இறங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

"நம்பர் மாறாம வரணும்னு வேண்டிக்கினு வெச்சேன். ரெண்டு தபா மாறாமத்தானே வந்துச்சு?" என்றார் முனிரத்தினம்.

கூடத்துக்குப் பொறுப்பான புரொபசரிடம் உண்மையைச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து அளக்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏமய்யா, மூணாவதையும் எடுத்துட்டு அப்புறமா தொடைச்சிருக்கக் கூடாதா?"

சாயங்காலத்துக்குள் சுத்தமான மூன்று எண்கள் ஒன்றுபோல வந்து வேலையும் நீண்டுவிட்டது. ஆனால் அது நான் துடைத்ததாலா, முனிரத்தினம் வைத்ததாலா என்று கேட்டால் மட்டும் எங்கள் கூடத்தில் இன்றுவரை ஆளுக்கு ஒரு எண் வருகிறது.