டேக் ஓவர் பண்ண ஆள் வரணும்

எங்கள் நெய்வேலியில் 'டேக் ஓவர்' என்பதை இங்கிலீஷ் என்று யாரும் நினைப்பதில்லை. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக் கை கடுத்துப்போனவன், "டேக் ஓவர் பண்ணுப்பா" என்று அடுத்தவனிடம் நீட்டுவான். ரேஷன் வரிசையில் நிற்கிற அம்மாவுக்கு அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்துவிட்டால், பின்னால் நிற்பவரிடம் பையைக் கொடுத்து, "கொஞ்சம் டேக் ஓவர் பண்ணிக்கோங்க" என்று வீட்டுக்கு ஓடுவார். இதுவரை நான் சுமந்தேன், இனி நீ சுமந்துகொள். அவ்வளவுதான் அர்த்தம்.

நிலக்கரி மைன்ஸில் அது வெறும் பேச்சு இல்லை. அடுத்த ஷிஃப்ட் பார்க்க வருகிற ரிலீவர் வராமல் யாரும் இடத்தை விட்டு நகர முடியாது. வந்தவனிடம் எது ஓடுகிறது, எது நிற்கிறது, எது சூடாக இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். அவன் "டேக் ஓவர் பண்ணிட்டேன், கிளம்பு" என்ற பிறகுதான் சோற்றுப் பையைக் கையில் எடுக்கலாம். அவன் வராவிட்டால் அடுத்த ஷிஃப்டும் நம் தலையில். அப்பா கன்வேயர் பெல்ட்டில் அப்படித்தான் காலம் தள்ளினார். இப்போது நான் தள்ளுகிறேன்.

அப்பா ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. நினைவு தப்ப ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக மறந்தார். அம்மா இறந்ததைக்கூட மறந்துவிட்டார். டூட்டியை மட்டும் மறக்கவில்லை. காலையில் இட்லி சாப்பிட்டதும் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். ரிலீவர் வராமல் எழ மாட்டார், மதியச் சோற்றைத் தொட மாட்டார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற உடம்பு அது. ஒருநாள் அப்படியே மயங்கிச் சரிந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அதிலிருந்து நான்தான் ரிலீவர். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்பேன். "நாலாம் நம்பர் பெல்ட் ஓடுது. பேரிங் சூடா இருக்கு, கை வச்சுப் பாரு" என்பார். "பார்த்துட்டேன். டேக் ஓவர் பண்ணிட்டேன், நீங்க கிளம்புங்க" என்பேன். உடனே எழுந்து சாப்பிட வந்துவிடுவார். என் மனைவியும் எத்தனையோ தரம் முயன்று பார்த்தாள். "நீ யாரும்மா? இங்கெல்லாம் வரக்கூடாது" என்று விரட்டிவிட்டார்.

அதனால் நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்தாலும் மதியம் நான் எழ வேண்டும். முதல் ஷிஃப்ட் என்றால் வீடு வர ரெண்டரை ஆகிவிடும், அதுவரை அவர் பட்டினி. உறவுக்காரர் கல்யாணம் வடலூரில் நடந்தால்கூடப் பாதிப் பந்தியில் எழுந்து ஓடி வருவேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்பாவின் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வர ஆரம்பித்தது. அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன்.

ஒருநாள் நைட் முடிந்தும் எனக்கு ரிலீவர் வரவில்லை. காலை ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, கண்ணெல்லாம் எரிய வீட்டுக்கு வந்தேன். அப்பா நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் மூடி வைத்த சோறு. பேரிங் சூட்டைச் சொன்னார். சொல்லி முடித்ததை மறந்து திரும்பச் சொன்னார். மூன்றாம் தரம் தொடங்கியபோது நான் வெடித்துவிட்டேன்.

"ரெண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துட்டு வந்திருக்கேன்! பெல்ட்டும் இல்ல, பேரிங்கும் இல்ல! நீங்க ரிட்டயர் ஆகி எத்தனை வருஷமாச்சு? எந்த ரிலீவரும் வர மாட்டான். பேசாம எழுந்து சாப்பிடுங்க!"

"வர மாட்டானா?" என்று கேட்டார். பிறகு, "சரி, நானே பார்த்துக்கறேன்" என்று சொல்லி நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்த வயசில் அவரை நான் டபுள் டூட்டிக்கு உட்கார வைத்துவிட்டேன்.

அவரைச் சமாதானப்படுத்தக்கூட எனக்குத் தெம்பில்லை. ஹெல்மெட்டைத் தரையில் போட்டுவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் விழுந்தேன். தூக்கம் வரவில்லை. சாத்தாத கதவின் இடைவெளியில் அவர் தெரிந்தார். சற்று நேரத்தில் என் மனைவி வந்தாள். நைட்டிமேல் துண்டு, கொண்டைமேல் கோணலாக என் ஹெல்மெட்.

"ரிலீவர் வந்துட்டேங்க" என்றாள்.

விரட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"புதுசா?"

"ஆமாங்க, புதுசு. நீங்க சொல்லிக் குடுத்தீங்கன்னா பார்த்துக்கினு இருப்பேன்."

பெல்ட்டைச் சொன்னார். பேரிங்கைச் சொன்னார். அவளும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். நான் படுத்திருந்த அறைப் பக்கம் கையைக் காட்டி, குரலைத் தணித்துக்கொண்டார்.

"அந்த ரூம்ல ஒருத்தன் படுத்திருக்கான். ரெண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துட்டு வந்திருக்கான். கத்திட்டுத்தான் படுத்தான், பரவால்ல. தூக்கமில்லாதவன் கத்தத்தான் செய்வான். அவனை மட்டும் எழுப்பிடாதே."

"சரிங்க. டேக் ஓவர் பண்ணிட்டேன்."

அவர் சாப்பிட எழுந்து போனார். நான் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டேன். அழுகிற சத்தம் வெளியே கேட்டால், நான் இன்னும் தூங்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.