பச்சையாய் நின்ற மக்காச்சோளமும் அப்பாவின் கையெழுத்தும்

எங்கள் அப்பா அவர்கள் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அப்பாவின் பொறுமையைப் பற்றி எழுதும்படி அண்ணன் சொன்னான். எழுத உட்கார்ந்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மன்னியுங்கள், அதையே எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது கோவில்பட்டிப் பக்கம், மானாவாரிக் கரிசல் பூமியில். கடன் வாங்காமல், உபகாரச் சம்பளத்திலேயே விவசாயப் பட்டம் படித்தார். மத்திய அரசு வேலையில் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தவர், பவானிபூர் வாடகை வீட்டிலேயே எங்களை வளர்த்து ஆளாக்கினார். மழைக்காலத்தில் மாவட்டங்களுக்குப் போய், பயிர் எப்படி நிற்கிறது என்று பார்த்து, ஒரு பக்க அறிக்கை எழுதிக் கையெழுத்திடுவது அவர் வேலை. வறட்சிப் பட்டியலில் எந்த ஊர் சேரும், எது சேராது என்பதற்கு அந்தப் பக்கமே ஆதாரம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு ஜூலைக் கடைசியில் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்து ஊர் ஒன்றுக்குப் போனார். மக்காச்சோளம் நெஞ்சு உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றதாம். ஜீப்பை மறுநாளே திருப்பி அனுப்ப வேண்டும். அறிக்கைக்கும் கெடு நெருங்கிவிட்டது. "பயிர் நிலை நன்று" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எல்லா அதிகாரிகளும் அப்படித்தான் எழுதினார்கள்.

அதன் பிறகு மூன்று வாரம் மழையே இல்லை. அது பூக்கும் சமயம். உச்சியில் ஆண்பூ விரிந்து மகரந்தம் உதிரும்போது, கீழே கதிரின் நுனியில் பட்டுப்போன்ற இழைகள் வெளியே வந்திருக்க வேண்டும். ஓர் இழைக்கு ஒரு மணி. தண்ணீர் இல்லாவிட்டால் இழை வெளிவரத் தாமதமாகும். அதற்குள் மகரந்தம் உதிர்ந்து தீர்ந்துவிடும். பிறகு எவ்வளவு பெய்தாலும் செடி பச்சையாகத் தேறும், மணி மட்டும் பிடிக்காது. சாப்பாட்டு மேசையில் இதை எத்தனை முறை கேட்டிருப்போம் என்பதற்குக் கணக்கே இல்லை.

செப்டம்பரில் அப்பா சொந்த விடுப்பில், ரயிலேறி அதே ஊருக்குப் போனார். மஹதோ என்ற விவசாயி பத்துக் கதிர்களை ஒடித்துக் கொண்டுவந்து, அவர் முன்னாலேயே தோலை உரித்தார். ஏழில் வெறும் தக்கை. மற்றவற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மணிகள்.

"பாபு, நீங்க பச்சையப் பாத்து எழுதிட்டீங்க. பச்சைய மாடு திங்கும். நாங்க என்ன திங்கிறது?" என்று மஹதோ கேட்டாராம்.

அந்த ஊர் வறட்சிப் பட்டியலில் சேரவில்லை. நிவாரணமும் வரவில்லை, அடுத்த விதைப்புக்கு விதையும் வரவில்லை. காரணம் அப்பாவின் கையெழுத்து.

என் அறிக்கை தவறு, திருத்துங்கள் என்று அப்பா எழுதிக் கொடுத்தார். மேலே போன அறிக்கைக்குத் திருத்தம் கிடையாது என்றார்கள். அடுத்த ஆண்டும் எழுதினார். அதற்கடுத்த ஆண்டும் எழுதினார். ஜூலையில் பார்த்தது போதாது, பூத்து முடிந்த பிறகு கதிரை உரித்துப் பார்த்தே எழுத வேண்டும் என்று தனியாக ஒரு குறிப்பும் கொடுத்தார். அதுவும் கோப்பில் தூங்கியது. ஓய்வு பெற்ற பிறகும் ஆள் விடவில்லை. மழைக்காலத்தில் தெருமுனையில் புட்டா என்கிற மக்காச்சோளக் கதிரைச் சுடுகிறவரிடம் போய், நுனியில் மணியில்லாத கதிராகத் தேடி எடுப்பார். "ஏட்டி, இங்க பாரு, இது தண்ணி காணாத கதிரு" என்று நடுத்தெருவில் பாடம் எடுப்பார். எனக்கு மானம் போகும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இதயம் பலவீனமாகி, தனியாக வெளியே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே கடைசி முறை சால்ட் லேக் அலுவலகத்துக்கு நான் கூட்டிப் போனேன். கோப்பு கிடைக்கவில்லை என்றான் குமாஸ்தா. பேரன் வயதுக்காரன். "காக்கு, இத்தனை வருஷம் கழிச்சுத் திருத்தி யாருக்கு லாபம்?" என்று வங்காளத்தில் சித்தப்பா முறை வைத்து மரியாதையாகத்தான் கேட்டான்.

பஸ்ஸில் நான் வெடித்துவிட்டேன். "உங்கள யாராவது கேட்டாங்களாப்பா? நீங்களே போயி என் தப்பு, என் தப்புன்னு ஏன் நிக்கிறீங்க?"

"யாரும் கேக்கலேன்னா தப்பு சரியாயிருமாட்டி?" என்றார். அந்தக் குளிர்காலத்திலேயே போய்விட்டார். அவரிடம் அப்படிக் கத்தியதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. அந்த அலுவலகத்தையும்தான்.

மருத்துவமனையில் இரவு பகலாகத் துணையிருந்த, நாங்கள் போவ்தி என்றழைக்கும் மாடிவீட்டு வங்காள அண்ணிக்கும், தோள் கொடுத்த பவானிபூர் தமிழ் நண்பர்களுக்கும், ஊரிலிருந்து ஓடிவந்த சித்தப்பா சித்திக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இம்மலரைப் பெறுகிறவர்களில் மக்காச்சோளம் விளைவித்தவர் ஒருவர்கூட இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு பிரதி மட்டும் புருலியாவுக்குப் போகிறது. மஹதோவுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே கீழுள்ள வரிகளைப் பின்னட்டையில் வங்காளத்திலும் அச்சிடச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஆண்டு உங்கள் ஊரில் பயிர் நன்று என்று எங்கள் அப்பா எழுதியது தவறு. மழை தவறியது, மணி பிடிக்கவில்லை. திருத்திக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மகள்